முட்டாத மூச்சு

ஸ்டெபி தூங்கும்போது நிறம் மாறுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது விஜிலாதான். அப்போது குழந்தைக்கு எட்டு மாதம். நாலைந்து நாளாகச் சளி பிடித்திருந்தது. மத்தியானம் பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் கிடந்தவளின் உதடு நாவல்பழத் தோல் மாதிரி கறுத்திருந்தது. விஜிலா பதறித் தூக்கினாள். குழந்தை கண் விழித்து, இரண்டு தரம் மூச்சை இழுத்து விட்டது. உதடு பழையபடி சிவந்துவிட்டது. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது.

ஜாய்சன் கடலிலிருந்து வந்ததும் சொன்னாள். அவன் குழந்தையை வாங்கிப் பார்த்தான். அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"நல்லாத்தான இருக்கா" என்றான்.

"முழிச்சிருந்தா நல்லாத்தான் இருக்கா. தூங்கினாத்தான் அப்படி ஆகுது. அவ தூங்கும்போது பாருங்க."

பார்த்தான். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று மாதத்தில் தூத்துக்குடியில் அவர்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒருவர் நிமோனியா என்றார். ஒருவர் இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று எக்கோ எடுத்துப் பார்த்து, ஓட்டை இல்லை என்றார். இன்னொருவர் வலிப்புக்கு மருந்து கொடுத்தார். எந்த டாக்டரிடம் போனாலும் ஸ்டெபி அம்மா மடியில் கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டு, செக்கச்செவேல் என்று இருப்பாள். டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்ப்பார். "முதல் பிள்ளையா? அப்படித்தான் பயமா இருக்கும்" என்று ஒருவர் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு விஜிலா போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். ஒரே ஜன்னல் ஓரம், ஒரே வெளிச்சம். தூங்குமுன் ஒன்று, தூங்கிப் பத்து நிமிடம் கழித்து ஒன்று. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புரிந்தது. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைக்கு மூக்கு விடைக்கும், நெஞ்சுக்குழி உள்வாங்கும், அழும். ஸ்டெபி இதில் எதையும் செய்யவில்லை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்துகொண்டே வரும். நெற்றியில் வியர்வை பூக்கும். கை கால் ஜில்லிடும். பிறகு சத்தமே இல்லாமல் நீலமாகிவிடுவாள். முகம் மட்டும் நல்ல தூக்கத்தில் இருப்பவள் முகமாகவே இருக்கும்.

ஜாய்சனின் அக்கா கிளாடிஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். கருவாட்டு வியாபாரம். ஜாய்சன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அம்மா இறந்துபோனதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அந்த உரிமையில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். கர்ப்பமாக இருந்தபோது விஜிலா ஏழாம் மாதம் வரை இறால் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே ஐஸ் ரூமில் நின்றுதான் இறாலைத் தரம் பிரிக்க வேண்டும்.

"நான் அப்பவே சொன்னேன். அந்தக் குளிருதான் புள்ள நெஞ்சுல போயி உக்காந்துருக்கு" என்பாள் கிளாடிஸ்.

விஜிலா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். ஜாய்சனும் ஒன்றும் சொல்லமாட்டான். அப்படியும் இருக்குமோ என்று அவனுக்கே ஒரு எண்ணம் இருந்தது.

கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைகள் டாக்டர் சண்முகவடிவு, ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். விஜிலா நீட்டிய போனை வாங்கிப் பன்னிரண்டு படங்களையும் ஒன்று விடாமல் பார்த்தார். பிறகு, "சாப்பாடு கொடுத்துத் தூங்க வைங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். குழந்தையின் கால் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முழித்திருந்தபோது தொண்ணூற்று ஏழு காட்டியது. ஸ்டெபி தூங்கிய கால் மணி நேரத்தில் எழுபத்திரண்டுக்கு இறங்கியது. டாக்டர் சின்ன டார்ச்சால் குழந்தையின் கண்ணில் அடித்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், தினமும் வெளிக்குப் போகிறாளா, சளி பிடித்தால் காய்ச்சல் அடிக்கிறதா என்றெல்லாம் கேட்டார்.

"நுரையீரல் நல்லா இருக்கு. இதயமும் நல்லா இருக்கு" என்றார் பிறகு. "ரத்தத்துல கெட்ட காத்து கூடினா, மூச்சு விடுன்னு மூளைதான் உத்தரவு போடணும். முழிச்சிருக்கும்போது அழுறோம், பேசுறோம், நடக்குறோம், எப்படியோ மூச்சு ஓடிடும். தூங்கும்போது அந்த உத்தரவு ஒண்ணுதான் காவல். இவளுக்கு அந்தக் காவல் பிறவியிலேயே பலவீனம். மூச்சு குறையுதுங்கிறதே இவளுக்குத் தெரியாது. அதனாலதான் தவிக்கல."

"ஐஸ் ரூம்ல வேலை பாத்ததுனால வருமா டாக்டரம்மா?" விஜிலா கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதும்மா. இது மரபணுவுல ஒரு சின்ன மாற்றம். லட்சத்துல ஒண்ணுகூடக் கிடையாது, அவ்வளவு அபூர்வம். நீங்க படம் எடுக்காம இருந்தா நானும் தவற விட்டிருப்பேன்."

மூன்று பேரிடமும் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தபோது சிக்கல் வந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். ஜாய்சனுக்குப் பத்தொன்பது வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. காலையில் முடிந்த ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம்தான் விழித்தான். அது ஞாபகம் வந்தது. ஆனாலும், "இல்லை" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஸ்டெபிக்கு மூச்சு இயந்திரம் வந்தது. மூக்கை மூடும் சின்ன மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் ஒரு பெட்டி. இரவோ பகலோ, அவள் கண் செருகினால் மாஸ்க் மாட்டியாக வேண்டும். முதல் ஒரு வாரம் பிடுங்கிப்பிடுங்கிப் போட்டாள். பிறகு பழகிவிட்டது.

திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் மத்தியில் ஜாய்சனுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்குவான். மற்றவர்கள் ஒரு சங்கோடு மேலே வருகிற நேரத்தில் இவன் மூன்று எடுத்து வருவான். வந்தபிறகும் இரைக்கமாட்டான். கடைக்குப் போய்த் திரும்பியவன் மாதிரி, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கிவிடுவான். 'மூச்சுக்காரன்' என்று சொன்னால்தான் கரையில் அவனைத் தெரியும்.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, வள்ளத்தைக் கரை சேர்த்துவிட்டு நின்றபோது மதுரையிலிருந்து போன் வந்தது. மரபணு முடிவுகளை விளக்குவதற்கென்று ஆஸ்பத்திரியில் இருந்த ரேச்சல் பேசினாள்.

"பாப்பாவுக்கு இருக்கிற அதே மாற்றம் உங்க ரத்தத்துலயும் இருக்கு சார். உங்க மனைவிக்கு இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லையே மேடம். நல்லாத்தான இருக்கேன்."

"சில பேருக்கு வெளிய தெரியாமலே இருக்கும். மயக்க மருந்து கொடுத்தாலோ நெஞ்சுச் சளி வந்தாலோதான் தெரியும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கடல்ல."

"மீன்பிடியா?"

"சங்கு குளிக்கேன்."

ரேச்சலின் குரல் அவசரமாயிற்று. "சார், நாளைலேருந்து தண்ணிக்குள்ள இறங்காதீங்க. மத்தவங்களுக்கு மூச்சு முட்டும், மேல வந்துடுவாங்க. உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. சீக்கிரம் வாங்க, தூக்கத்துல உங்க ஆக்சிஜன் எப்படி இருக்குன்னு பாக்கணும். உங்க மனைவிகிட்டயும் நான் பேசட்டுமா?"

"வேண்டாம் மேடம். நானே சொல்லிக்கிடுதேன்."

சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லலாம் என்று போனால் விஜிலா மாஸ்க்கைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கிளாடிஸ் வந்திருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் விஜிலா விளக்கியும் அவள் விடவில்லை. "டாக்டர் ஆயிரம் சொல்லுவாவ. ஐஸ் ரூம்ல நின்னது நின்னதுதான" என்றாள். அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். அவன் வெளியே எழுந்து போனான். நாள் போகப்போகச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. இவ்வளவு நாள் அவள் தலையில் கிடந்த பழியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன் எந்த முகத்தோடு சொல்வது? அது மட்டுமல்ல. அவனிடம் பெருமை என்று சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான். பதினாலு வயதிலிருந்து ஊரே மெச்சிய ஒன்றை எடுத்து நோய் என்று பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ள மனம் எளிதில் இடம் கொடுக்குமா? அவன் வழக்கம்போலக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

கூடக் குளிப்பவன் ஜோன்ஸ், அவன் வயதுக்காரன். பதினோராவது நாள், வெயில் ஏறிய பிறகு வள்ளத்தில் உட்கார்ந்து பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஜாய்சன் கேட்டான்.

"ஏலே ஜோன்சு, கீழ நிக்கும்போது மூச்சு முட்டுதுன்னு சொல்லுதியே, எப்படி இருக்கும் அது?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லு."

"முதல்ல ஒண்ணும் தெரியாது. அப்புறம் தொண்டையில ஒரு அடைப்பு. அடுத்தாப்ல வயித்துக்குள்ள இருந்து யாரோ உதைக்க மாதிரி குலுங்கும். நெஞ்சு எரியும். அந்நேரம் கண்ணுக்கு முன்னால சங்கு கெடந்தாலும் வேண்டாம்னு ஆயிரும். மேல போனாப் போதும்னு இருக்கும். ஏன், உனக்கு எப்படி?"

ஜாய்சன் யோசித்துப் பார்த்தான். "விரலு கொஞ்சம் மரத்துப்போவும். கண்ணு ஓரத்துல இருட்டும். சரி, நேரமாச்சுன்னு வந்துருவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜோன்ஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "உன்ன மாதிரி தாங்க முடியலையேன்னு எத்தனை நாள் என்னையே நான் ஏசியிருக்கேன் தெரியுமா?"

பதினேழு வருடமாக ஜாய்சன் வேறு மாதிரி நினைத்திருந்தான். எல்லோருக்கும் தனக்கு இருப்பதுபோலத்தான் இருக்கும், தனக்கு மனத்திடம் கூடுதல், மற்றவர்கள் சீக்கிரம் பயந்துவிடுகிறார்கள் என்று. உதைக்கிறது, எரிகிறது என்று ஒருவர் சொல்லி அவன் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயா குடித்து முடித்துவிட்டு இறங்கினான். கடல் அடி மணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது. கீழே போய்ச் சங்கைத் தேடவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த உதை வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தான். வரவில்லை. நெஞ்சு எரியவில்லை. நல்ல நிம்மதியாக இருந்தது. ஒரு சங்கு மணலில் கோடு போட்டு நகர்ந்துகொண்டிருந்தது. விரல் மரத்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தான். ஸ்டெபிக்கும் உள்ளே இப்படித்தான் இருந்திருக்கும், ஒரு தொந்தரவும் இல்லாமல், என்று தோன்றியது. அதற்கு மேல் அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

கண் திறந்தபோது வள்ளத்துக்குள் மல்லாந்து கிடந்தான். ஜோன்ஸ் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தான்.

"ஏலே, நீ மேல வரப் பாக்கவே இல்ல. மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், பாறையப் பிடிச்சிக்கிட்டுச் சும்மா நிக்க. அப்புறம் கை தானா விட்டுட்டு. நான் குதிச்சுத் தூக்கிட்டு வந்தேன். என்னல ஆச்சு உனக்கு?"

ஜாய்சன் கக்கி முடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ரேச்சல் பேசியது, பதினோரு நாள் மறைத்தது, எல்லாம். ஜோன்ஸ் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

"வீட்டுல சொல்லிட்டு வந்து என்னப் பாரு. அதுவரைக்கும் இந்த வள்ளத்துல உனக்கு இடம் கெடையாது" என்று சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.

வீட்டில் கிளாடிஸும் இருந்தாள். மாஸ்க்கோடு தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நேரத்தோடு வந்துவிட்ட தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னலே, முகம் வெளுத்துக் கெடக்கு?"

"அக்கா, நீ இனிமே ஐஸ் ரூம் பேச்ச எடுக்கக்கூடாது" என்றான் ஜாய்சன். "ஸ்டெபிக்கு இது வந்தது விஜிலாவால இல்ல. என்னால. எனக்கும் இருக்கு. டெஸ்ட்ல வந்துட்டு."

கிளாடிஸ் கையிலிருந்த கிழங்கு அப்படியே நின்றது. "உளறாதல. ஊரு பூரா உன் மூச்சப் பத்திப் பேசுதாவ. உனக்கா மூச்சுல கோளாறு?"

"அதான் கோளாறு. மூச்சு முட்டணும். எனக்கு முட்டாது."

அவள் கிழங்கைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "குடல்வால் ஆபரேஷன் அன்னைக்கு நீ முழிக்கவே இல்ல" என்றாள். "மூச்சு விடு தம்பி, மூச்சு விடு தம்பின்னு அந்த நர்சு ராத்திரி பூரா உன்னத் தட்டிக்கிட்டே இருந்தா. மருந்து கூடிப்போச்சுன்னு சொன்னாவ. நானும் நம்பிட்டேன்." சொல்லிக்கொண்டே எழுந்து விஜிலாவிடம் போனாள். விஜிலாவின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

விஜிலா கதவோரம் நின்றாள். "டெஸ்டு எப்ப வந்துச்சு?"

"பதினோரு நாளாச்சு."

"பதினோரு நாளும் கடலுக்குப் போனியளா?"

அவன் தலையாட்டினான். இன்றைக்கு நடந்ததையும் சொன்னான். அதை மறைக்க அவனுக்குத் தெம்பு இல்லை.

விஜிலா சத்தம் போடவில்லை. "புள்ள நீலமாகும்போது நான் பாத்துக்கிட்டு இருந்தேன். கடலுக்கடியில உங்கள யாரு பாக்கது?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்க அக்கா பேசினதுகூட எனக்குப் பெருசு இல்ல. அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருந்திய" என்றாள்.

அவன் குனிந்து, அக்கா விட்டுப்போன கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளினான்.

ஒரு மாதத்துக்கு மேல் அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மதுரைக்கு அவள்தான் நாள் குறித்தாள், அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். பரிசோதனைக்கு அவனைத் தூங்க வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் ஸ்டெபியோடு உட்கார்ந்திருந்தாள். ஜாய்சனுக்கும் தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கியது. மகள் அளவுக்கு இல்லை. ஆனாலும் விட்டுவிடக்கூடிய அளவும் இல்லை. அவனுக்கும் ஒரு இயந்திரம் எழுதிக் கொடுத்தார் சண்முகவடிவு. அடுத்த பிள்ளை பெற்றால் அதற்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார். அதைப் பற்றி இரண்டு பேரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஊரில் செய்தி பரவியது. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள் சிலர். ஒரே மூச்சில் மூன்று சங்கு எடுத்தவனுக்கு மூச்சு வியாதியா என்று சிரித்தவர்களும் உண்டு. ஜாய்சன் இரண்டு மாதம் கரைப் பக்கமே போகவில்லை. ஒருநாள் ஜோன்ஸ் வந்து, "இப்ப இடுப்புல கயிறு கட்டித்தான் எறங்குதோம். மேல நின்னு அதப் பிடிக்க ஆள் வேணும். வாரியா?" என்று கேட்டான். முதல் சில நாள் வள்ளத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் இறங்குவதைப் பார்க்கவே அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பார்ப்பதே வேலையாயிற்று. காலசைவு ஒரு பிடி தளர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். கயிற்றை இழுத்து மேலே வரச் சொல்லிவிடுவான். "இன்னும் ரெண்டு எடுத்திருப்பேன், அதுக்குள்ள இழுத்துட்ட" என்று ஜோன்ஸ் முணுமுணுப்பான். ஜாய்சன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஸ்டெபிக்கு மூன்று வயது ஆனதும் பால்வாடியில் சேர்த்தார்கள். விஜிலா திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியிருந்ததால் ஜாய்சன்தான் கூட்டிக்கொண்டு போனான். ஒரு கையில் மகள், மறு கையில் மூச்சுப் பெட்டி. டீச்சர் சுடலைச்செல்வி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"ஓடலாம், ஆடலாம், எல்லாப் பிள்ளையள மாதிரிதான்" என்றான். "ஆனா மாஸ்க் இல்லாமத் தூங்கக்கூடாது. சளி பிடிச்சா மந்தமா ஆயிருவா, அப்ப முழிச்சிருக்கும்போதும் பாக்கணும். மூச்சு வாங்குதான்னு பாத்து ஒண்ணும் தெரியாது, இவளுக்கு வாங்காது. உதட்டையும் நகத்தையும் பாருங்க. கறுத்துச்சுன்னா தட்டி எழுப்பி எனக்கு போன் பண்ணுங்க."

டீச்சர் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னான். "இன்னொண்ணு. யாரு அதிக நேரம் மூச்சுப் பிடிக்கதுன்னு பிள்ளையள் விளையாடும்லா, அத மட்டும் விடாதீங்க."

"ஏன், தோத்துப்போனா அழுவாளா?"

"இவ ஜெயிச்சிருவா. அதான் பயம்."

சுடலைச்செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "உங்க வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"எனக்கு இருக்கு, டீச்சர்" என்றான். ஜோன்ஸைத் தவிர வெளி ஆளிடம் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை. டீச்சர் 'அப்பாவுக்கும்' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

முதல் நாள் என்பதால் மத்தியானம் வரை அங்கேயே இருந்தான். சோறு முடிந்ததும் பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்தார்கள். ஸ்டெபிக்கு மாஸ்க் மாட்டிவிட்டான். பெட்டியின் இரைச்சலைக் கேட்டுப் பக்கத்துப் பாய்ப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். ஜாய்சன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மகளின் நகத்தைப் பார்த்தான். பிறகு, வரிசையாகப் படுத்திருந்த மற்றப் பிள்ளைகளின் நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான்.